புல்வெட்டி: ஓர் ஆளின் பெயர் இயந்திரத்தின் பெயரான வரலாறு

1886-இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கில–இந்தியச் சொல்லகராதியில் ‘கிராஸ்-கட்டர்’ என்றொரு பதிவு இருக்கிறது. அது இயந்திரத்தைக் குறிக்கும் சொல்லாக அங்கே இடம்பெறவில்லை. லாயத்திலுள்ள குதிரைக்குப் புல் அறுத்துக் கொண்டுவரும் வேலையாளின் பெயர் அது. இந்துஸ்தானிச் சொல்லொன்று ஆங்கிலேயர் வாயில் திரிந்து இவ்வடிவம் பெற்றிருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் கருதினர். வடக்கே இவ்வேலையைச் செய்பவர் ஆண் என்றும், தெற்கே குதிரைக்காரரின் மனைவியே இதைச் செய்கிறார் என்றும் ஒரு குறிப்பையும் சேர்த்தனர். இன்று மும்பையிலோ தாணேயிலோ ‘கிராஸ் கட்டர்’ என்று கேட்டால், கடைக்காரர் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய கருவியை எடுத்துக் காட்டுவார். ஆளின் பெயரை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அந்த இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டி ஓடவைத்துக்கொண்டிருப்பவருக்குத் தனிப்பெயர் ஒன்றும் அமையவில்லை. அவர் பொதுவாக ‘மாலி’ அல்லது ‘மிஸ்திரி’.

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பின் வரலாறாக மட்டும் எழுதும் வழக்கத்தை டேவிட் எட்ஜெர்ட்டன் 2006-இல் ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தினார். ஒரு பொருள் எங்கே, எவரால், எத்தனை காலம் பயன்படுத்தப்பட்டது, பழுதானபோது என்ன ஆயிற்று என்பதே அவரது கேள்வி. டேவிட் ஆர்னால்டு 2013-இல் இந்தியாவின் அன்றாடத் தொழில்நுட்பம் பற்றி எழுதியபோது தையல் இயந்திரம், மிதிவண்டி, தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டார். யூஜீனியா ஹெர்பர்ட் 2011-இல் வெளியிட்ட ‘ஃப்ளோராஸ் எம்பயர்’ காலனியத் தோட்டங்களை விரிவாகப் பேசுகிறது. இயந்திரத்தை எழுதியவர்கள் புல்வெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. புல்தரையை எழுதியவர்களுக்குப் பழுதுநீக்கல் முதன்மையான பொருளாக இருக்கவில்லை. இடையே விடுபட்ட இப்பகுதியில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. மேலைநாடுகளில் புல்வெட்டியைப் பேணுவது வீட்டு உரிமையாளரின் சொந்த வேலையாக வளர்ந்தது. மும்பை வட்டாரத்தில் புல்தரையின் உரிமை ஒருவரிடமும், இயந்திரத்தைப் பற்றிய அறிவு இன்னொருவரிடமுமாகப் பிரிந்தே இருந்தது. இப்பிரிவை இந்தியர்களின் இயல்பு என்று கொள்வது பிழை என்பதற்குத் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் சான்றுகள் உள்ளன.

புல்வெட்டியின் பிறப்பிடம் ஓர் கம்பளித் துணி ஆலை. இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்ட்ரவுட் நகரைச் சுற்றி அத்தகைய ஆலைகள் நிறைந்திருந்தன. நெய்த கம்பளியின் மேற்பரப்பில் எழுந்து நிற்கும் மயிரிழைகளைச் சமமாகக் கத்தரிக்கச் சுழலும் உருளையில் சுருளலகுகள் பொருத்திய இயந்திரம் அங்கே வழக்கிலிருந்தது. எட்வின் பட்டிங் என்னும் பொறியாளர் அதே ஏற்பாட்டைப் புல்லுக்குப் பொருத்தி 1830-இல் காப்புரிமை பெற்றார். அதுவரை புல்தரை என்பது அரிவாளும் ஆள்பலமும் உடைய பிரபுக்களின் சொத்து. 1832-இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இவ்வியந்திரத்தைத் தயாரிக்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் குதிரைகள் இழுத்த பெரிய புல்வெட்டிகளை இந்தியாவில் எருதுகள் இழுத்தன. உழவுக்கும் வண்டிக்கும் பழகிய மாடு, கால்தடம் பதியாமல் மென்னடை போட வேண்டிய விந்தையான பணி அது.

உருளை வகைப் புல்வெட்டி கத்தரிக்கோல் போல வேலை செய்வது. சுழலும் அலகும் அடியிலுள்ள நிலைத் தகடும் தாள் கனத்தில் உரசிச் செல்ல வேண்டும். இடைவெளி சற்றே கூடினால் புல் அறுபடாமல் மடங்கும்; குறைந்தால் இரும்பு இரும்பைத் தின்னும். இதைச் சரிசெய்ய அலகின்மீது எமரிப் பொடி கலந்த பசையைத் தடவி, உருளையைத் தலைகீழாகச் சுழற்றித் தேய்ப்பார்கள். ஒரு தாளை இடையில் கொடுத்து, அது அலகின் நீளம் முழுவதும் சீராக வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். இந்தச் சோதனைக்கு எழுத்தறிவு தேவையில்லை; காதும் விரல் நுனியும் போதும். அரிவாளுக்கும் கத்திக்கும் சாணை பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு இது புதிய வித்தையும் அன்று. காலனிய ஆவணங்களில் புல்வெட்டி வாங்கிய செலவு கணக்கில் ஏறக்கூடும். சாணை பிடித்த கை மாதச் சம்பளப் பட்டியலில் ஓர் எண்ணாக நின்றுவிடுகிறது.

மும்பையின் தட்பவெப்பத்துக்கு ஆங்கிலப் புல்தரை ஒவ்வாத விருந்தாளி. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். அந்நான்கு மாதங்களில் புல் கட்டுக்கடங்காமல் வளரும். எஞ்சிய எட்டு மாதங்களில் நீர் பாய்ச்சியே பச்சையைக் காக்க வேண்டும். ஆகவே இங்கே புல்தரைக்கு அடித்தளமாக அமைந்தது அருகம்புல். மாட்டுங்கா பூக்கடைகளில் பிள்ளையாருக்கென்று கட்டி விற்கப்படும் அதே புல்தான் விளையாட்டுத் திடல்களின் தரையும் ஆனது. 1875-இல் பாம்பே ஜிம்கானா அமைந்தது. கொள்ளைநோய்க்குப் பின் 1898-இல் உருவான நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர்–மாட்டுங்கா பகுதியை அகன்ற தெருக்களும் தோட்டங்களுமாகத் திட்டமிட்டது. தென்னிந்தியர் பெருமளவில் குடியேறிய மாட்டுங்காவுக்கு ‘ஃபைவ் கார்டன்ஸ்’ அவ்வாறு வந்த அண்டைப்பகுதி. 1927-இல் செம்பூரில் பாம்பே பிரசிடென்சி கோல்ஃப் கிளப் தோன்றியது. இவ்விடங்களிலெல்லாம் புல்தரை மன்றத்துக்கோ மாநகராட்சிக்கோ உரியது. தன் வீட்டு முற்றத்துப் புல்லைத் தானே வெட்டும் நடுத்தர வகுப்பு மனிதர் என்ற உருவம் இந்நகரத்தில் எழவே இல்லை. இடமும் இல்லை, கூலிக்கு ஆள் கிடைப்பதும் எளிது, மண்ணில் குனிந்து செய்யும் வேலையின்மீது சாதி ஏற்றிவைத்த இழிவு இவற்றைவிடப் பெரிய தடை.

மேலைநாடுகளில் நிகழ்ந்தது வேறு. ரான்சம்ஸ் 1902-இல் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய புல்வெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1921-இல் பர்மிங்காமின் சார்லஸ் பியூ நிறுவனம் ‘அட்கோ’வை அறிமுகம் செய்தது, நாடெங்கும் பணிமனைகளை அமைத்துக் குளிர்காலத்தில் இயந்திரங்களைப் பெற்றுப் பழுதுபார்த்துத் தருவதைத் தன் வணிகத்தின் பகுதியாக்கியது. 1952-இல் சிட்னியின் கான்கார்டு பகுதியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் வீட்டுக் கொட்டகையில் செய்த ‘விக்டா’ இன்னும் சுவையான கதை. பழைய இரும்புத் துண்டுகள், பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்திய வில்லியர்ஸ் இருவீச்சு எஞ்சின், பெட்ரோல் தொட்டியாகப் பீச் பழ டப்பா ஒன்று. தாராவித் தகரப் பட்டறையில் எவரும் வியக்கமாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலோ அது அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் நிறுவனம் எடை குறைந்த அலுமினிய எஞ்சினை வெளியிட, புறநகர் வீடுதோறும் புல்வெட்டி புகுந்தது. அதனுடன் வந்த ‘உரிமையாளர் கையேடு’ ஒரு குறிப்பிட்ட வாசகரை முன்வைத்து எழுதப்பட்டது. எண்ணெயை மாற்று, காற்று வடிகட்டியைத் துடை, ஸ்பார்க் பிளக்கைக் கழற்று என்று ஏவப்படும் அந்த முன்னிலை, வீட்டுக்குச் சொந்தக்காரரும் ஸ்பேனர் பிடிப்பவரும் ஒருவரே என்று எடுத்துக்கொண்டது.

அந்த முன்னிலைக்குரியவர் இந்தியாவில் இல்லை என்று சொல்லிவிடலாமா? 1950-களின் இறுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. புல்வெட்டி போன்ற ஆடம்பரப் பொருள் அத்தகைய சூழலில் எளிதில் வந்துசேரக்கூடியதன்று. ஆனால் விக்டாவில் இருந்த அதே வில்லியர்ஸ் குலத்து எஞ்சின் தமிழகத்துக்கு வேறு வழியில் வந்தது. சென்னை என்ஃபீல்டு நிறுவனம் வில்லியர்ஸ் எஞ்சின்களை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. அவை கிணற்றடிக்கும் வாய்க்கால் கரைக்கும் சென்றன. பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உத்தி உழவர்களுக்குக் கைவந்த கலை. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. சூடேறிய எஞ்சினில்தான் அது காற்றோடு கலந்து எரியும். பாடநூலில் பக்கம்பக்கமாக விளக்கப்படும் இச்செய்தியை, கதிர் காய்ந்துவிடுமே என்ற பதைப்பு ஒரே பருவத்தில் கற்றுத்தந்தது.

யாழ்ப்பாணத்தில் நிலைமை இதைவிடக் கடுமை. 1990-க்குப் பின் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. மோட்டார் சைக்கிள்களும் நீரிறைக்கும் இயந்திரங்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சிறு போத்தலில் பொத்திவைத்த பெட்ரோலில் சில துளிகள். உதிரிப்பாகம் வராத ஊரில் ஒவ்வொரு வீட்டு முற்றமும் பட்டறையானது. ஆக, வீட்டிலேயே எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் பழக்கம் தமிழர் வாழ்வில் ஆழமாகவே இருந்திருக்கிறது. பிழைப்பு எஞ்சினை நம்பியிருந்த இடத்தில் உரிமையாளரின் கையில் கரி படிந்தது. எஞ்சின் ஓடாவிட்டாலும் சோறு கிடைக்கும் இடத்தில் மிஸ்திரிக்கு ஆள் அனுப்பினார்கள். மும்பையின் புல்தரை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

தாணேயின் அண்மைக்கால வரலாறு இவ்விரு உலகங்களையும் ஒரே நிலத்தில் அடுக்கிக் காட்டுகிறது. 1853-இல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்துசேர்ந்த இவ்வூர், இருபதாம் நூற்றாண்டில் ஆலைகளின் ஊரானது. 1960-களில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொடக்கக்காலத் தொழிற்பேட்டையாக வாக்ளே எஸ்டேட் இங்கேதான் அமைந்தது. லேத்தும் துளைப்பொறியும் வெல்டிங் கருவியும் வைத்த சிறு பட்டறைகள் அதன் சந்துகளில் பெருகின. அதற்கு முன்பே, 1925-இல் தொடங்கிய ஒரு கம்பளி ஆலை 1944-இல் சிங்கானியா குடும்பத்தின் கைக்கு வந்து ரேமண்ட் என்ற பெயரால் நாடறிந்ததாயிற்று. ஆலை ஓய்ந்தபின் அதன் நிலத்தில் 2019 முதல் குடியிருப்புக் கோபுரங்கள் எழுகின்றன. கோட்பந்தர் சாலை நெடுகவும் தொழிற்சாலை நிலங்களும் வயல்களும் அவ்வாறே அடுக்ககங்களாயின. விற்பனை விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறுவது பசும்புல்வெளி. கம்பளி ஆலையின் கத்தரிப்பு இயந்திரத்திலிருந்து பிறந்த கருவி, இருநூறு ஆண்டுகள் கழித்து, ஒரு கம்பளி ஆலையின் நிலத்தில் முளைத்த புல்லை வெட்ட வருகிறது. பட்டிங் அறிந்திருந்தால் சிரித்திருப்பார். ஆலையில் வேலையிழந்தவர்களுக்கு அது சிரிக்கும் செய்தியாக இராது.

இங்கே ‘வீடு’ என்னும் சொல்லையே கவனத்துடன் கையாள வேண்டியிருக்கிறது. 1915-இல் பம்பாயின் காம்தேவியில் சரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தோன்றியது முதல், இந்நகரத்து நடுத்தர வகுப்பினரின் இல்லம் என்பது ‘சொசைட்டி’க்குள் ஒரு தளம். புல்தரை அச்சங்கத்தின் பொதுச்சொத்து, புல்வெட்டியும் அப்படியே. எல்லோருக்கும் சொந்தமான எஞ்சினுக்கு யார் எண்ணெய் ஊற்றுவது? பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் அனுப்பும் தோட்டக்காரர்தான். கையேடோ சங்க அலுவலக இழுப்பறையில் உறை பிரிக்கப்படாமல் கிடக்கும். பிரித்தாலும் அது அவருக்குத் தெரிந்த மொழியில் இருப்பது அரிது.

அவருக்குத் துணையாக நின்றது ஜெனரேட்டர் மெக்கானிக். 1985-இல் ஹோண்டாவும் ஸ்ரீராம் குழுமமும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனத்தின் கையடக்க ஜெனரேட்டர்கள் கடைத்தெருக்களில் பரவின. 2000-களின் நடுவில் மும்பைத் தீவுநகரம் பெரும்பாலும் தப்பித்துக்கொண்ட மின்வெட்டு, தாணே மாவட்டத்தை வாட்டியது. ஜெனரேட்டரிலும் நீரிறைப்பானிலும் புல்வெட்டியிலும் உள்ள சிறு நால்வீச்சு எஞ்சின்கள் நெருங்கிய உறவினர். ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வரிசையும், அதைப் பார்த்துச் சீனாவில் செய்த நகல்களும் வந்தபின் பாகங்கள் பலவும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒன்றைக் கற்றவர் மூன்றையும் கழற்றலாம்.

மே மாத இறுதியில், முதல் மழைக்கு முன், இவ்வட்டாரத்தில் வழக்கமாகத் தலைகாட்டும் பழுது ஒன்றுதான்: கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது. மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த பெட்ரோலின் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துளையை அடைத்திருக்கும். தேர்ந்த மெக்கானிக் உடனே கார்புரேட்டரைக் கழற்றமாட்டார். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். நுனி காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்திருந்தால் பொறி வரவில்லை அல்லது அளவுக்கு மீறி எரிபொருள் வந்திருக்கிறது. கரி பூசியிருந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போல. பிறகே அடியிலுள்ள கிண்ணத்தைத் திறந்து, ஜெட்டைக் கழற்றி, மென்மையான செப்புக்கம்பியின் ஒற்றை இழையை உள்ளே செலுத்துவார். எஃகு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். பெரிதான துளை எரிபொருளை அதிகம் குடிக்கும். இந்த நுட்பம் எந்தப் பயிற்சி நிலையத்தின் சான்றிதழிலும் எழுதப்பட்டு வருவதில்லை.

அடுத்தது அலகு. சுழல்வகைப் புல்வெட்டியில் ஒற்றைத் தகடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முறை சுழன்று வேகத்தாலேயே புல்லை அறுக்கிறது. கூர் மழுங்கினால் நுனி கிழிந்து, மறுநாள் புல்தரை முழுதும் வெளிறித் தெரியும். சாணை பிடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் எடை சமநிலை தவறி, அதிர்வில் எஞ்சினின் அச்சுத்தாங்கிகள் தேயும். அதனால் தகட்டின் நடுத்துளையை ஓர் ஆணியில் தொங்கவிட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்ப்பார்கள். அலகைத் தொடுமுன் ஸ்பார்க் பிளக்கின் வயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதும், கார்புரேட்டரும் காற்று வடிகட்டியும் மேற்புறம் இருக்கும்படியே இயந்திரத்தைச் சாய்க்க வேண்டும் என்பதும் மழைக்காலத்து அவசரத்தில் மறக்கப்படும் விதிகள். முதலாவதை மறந்தவர் விரலை இழக்கலாம். இரண்டாவதை மறந்தவர் எண்ணெயில் ஊறிய வடிகட்டியோடு மல்லுக்கட்டுவார்.

இந்த அறிவுச் சேமிப்பின்மீது இப்போது இரண்டு பக்கமிருந்து நெருக்கடி. முதலாவது எரிபொருள். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. சிறு எஞ்சின் தயாரிப்பாளர் பலரின் கையேடுகள் 10 விழுக்காடு வரையே அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மும்பைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நீர் அதிகமானால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனிப் படலமாக இறங்கிவிடும். எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் இருவீச்சு எஞ்சினுக்கு இது நஞ்சு. அடியிலுள்ள படலத்தில் போதிய எண்ணெய் இல்லாததால் பிஸ்டன் வறண்டு கீறும். பழைய ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் உப்பிக் கரையும். பருவம் முடிந்ததும் எரிபொருள் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும் என்ற பழைய அறிவுரை இப்போது கட்டாயமாகிவிட்டது. எஞ்சினுக்கு உரிமையாளராகிய சங்கத்தின் செயற்குழுவுக்கு இதைச் சொல்லும் நிலையில் அந்தத் தோட்டக்காரர் இல்லை. எஞ்சின் கெட்டால் பழி மட்டும் அவருக்குரியது.

இரண்டாவது, எஞ்சினே விடைபெறும் காலம். கலிஃபோர்னியா 2021-இல் இயற்றிய சட்டத்தின்படி, அங்கே 2024 முதல் தயாராகும் சிறு எஞ்சின்களில் பெரும்பாலானவை புகையே விடாதவையாக இருக்க வேண்டும். புகையையும் இரைச்சலையும் நாள் முழுதும் தோளிலும் காதிலும் சுமப்பவர் தோட்டக்காரரே என்பதால், மின்கல இயந்திரத்தின் வருகையை வெறும் இழப்பாகக் காட்டுவது நேர்மையாகாது. ஆனால் மின்கலப் பொதியையும் மின்னணுச் சுற்றையும் செப்புக்கம்பியால் திறக்க முடியாது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுநீக்கும் உரிமை குறித்து அமைத்த குழு, வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு நுகர்பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. புல்வெட்டி அவற்றுள் தனியே பெயர் பெறவில்லை. அவ்வுரிமை பற்றிய பேச்சும் பெரும்பாலும் வாங்கியவரின் உரிமையைப் பற்றியதாகவே இருக்கிறது; வாங்காமலே பேணிவருபவரின் இடம் அதில் எதுவென்று கேட்கப்படவில்லை.

ஓய்ந்த எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கே முதலில் கழற்றப்படுவது இன்னும் ஓடக்கூடியவை: கார்புரேட்டர், சுருள்கயிற்றுப் பெட்டி, பிளக் மூடி. அவை வேறொரு இயந்திரத்தில் சில மழைக்காலங்கள் வாழும். அலுமினிய உடல் மட்டும் எடைக்கு விற்கப்படும். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு போன்ற மறுசுழற்சிப் பகுதிகளில் இத்தகைய பழைய அலுமினியம் தரம் பிரிக்கப்பட்டு, உலைகளில் உருகிப் பாளங்களாகிறது. பாளத்தில் எந்த நிறுவனத்தின் முத்திரையும் இருப்பதில்லை.